மஞ்சள் சட்டை சொல்லும் வியாபாரப் பாடம்

விற்பனை மந்தமானால் விலையைக் குறைக்கத்தான் நமக்கு முதலில் தோன்றும். பிரான்ஸ் நாட்டின் 'லோத்தோ' நாளிதழ் வேறு வழி கண்டது. போட்டி இதழான 'லே வேலோ'வுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தள்ளாடிய அது, 1903இல் நாட்டைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தை நடத்தியது. அதுவே 'டூர் டி பிரான்ஸ்'. 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். பந்தயச் செய்தி அறிய மக்கள் ஆவலோடு இதழை வாங்கினர், விற்பனை பெருகியது. மறு ஆண்டே 'லே வேலோ' மூடப்பட்டது.

1919 முதல் முன்னணி வீரருக்கு மஞ்சள் சட்டை வழங்கப்படுகிறது. அந்த நாளிதழ் அச்சான தாளின் நிறமும் மஞ்சளே! 1930 முதல் விளம்பர வண்டிகளும் வீரர்களுக்கு முன்னே அணிவகுக்கின்றன.

நாம் விலையைக் குறைத்தால் எதிர்க்கடைக்காரரும் குறைப்பார். வாடிக்கையாளர் நம்மைத் தேடிவர ஒரு காரணத்தை உண்டாக்குவதே நிலைக்கும் வியாபாரம் என்பது நம் கருத்து.