இன்பினிட்டி

'இன்பினிட்டி' என்பது எல்லையின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இலத்தீன் மொழியில் 'பினிஸ்' என்றால் எல்லை. 'இன்' என்னும் முன்னொட்டு அதனை மறுக்கும். இவ்விரண்டும் கூடிப் பிறந்த சொல், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. முடித்தலைக் குறிக்கும் 'பினிஷ்' என்பதும் இதன் உறவே. நம் 'முடிவிலி'யும் இவ்வாறே அமைந்தது.

கடற்கரை மணலை 'எண்ணிறந்தது' என்பது வழக்கு, உண்மையன்று. மணல் எவ்வளவாயினும் அதற்கோர் எண் உண்டு. முடிவிலியோ எண்ணன்று, எவ்வெண்ணோடும் மேலும் ஒன்றைக் கூட்டலாம் என்னும் ஓயாமையே அது. இதற்குக் கிடத்திய எட்டுப் போன்ற குறியை 1655இல் வழங்கியவர் ஜான் வாலிஸ் என்னும் ஆங்கிலேயர்.

அதற்கு முன்னரே, 1638இல், கலிலியோ ஒரு புதிரை வெளியிட்டார். 1, 2, 3, 4 என்னும் எண்களுக்கு 1, 4, 9, 16 என வர்க்கங்கள் உள்ளன. வர்க்கங்கள் அரியன, பத்துக்குள் மூன்றே. ஆயினும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டாதலின், இரண்டும் ஒன்றுக்கொன்றாக இணைந்துவிடுகின்றன! பகுதி முழுமைக்கு ஈடாகுமோ? மிகுதி, குறைவு என்னும் சொற்கள் இங்குச் செல்லா என்று கூறி அவர் நின்றுவிட்டார்.

ஜெர்மனியில் வாழ்ந்த காண்டர் நிற்கவில்லை. ஒரு கோட்டிலுள்ள புள்ளிகள், எண்ணுதற்குரிய எண்களினும் மிகுதி என 1874இல் மெய்ப்பித்தார். முடிவிலியிலும் பெரிது சிறிது உண்டு! அறிஞர் சிலர் அவரை வன்மையாக எதிர்த்தனர். அம்மெய்ப்பிப்பு இன்று கல்லூரிப் பாடமாக உள்ளது.