யூரியாவைப் பிளக்கும் நொதி

உயிருள்ள செல்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தி, வினை முடிந்தபின் தாம் மாறாமல் எஞ்சும் பொருள்கள் நொதிகள் எனப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புரதங்கள். இயற்கையில் நிகழவே இயலாத வினை எதையும் நொதி நிகழ்த்துவதில்லை; தானே நிகழக்கூடிய, ஆனால் உயிர் வாழ்வதற்குப் போதாத அளவு மெதுவாக நிகழும் வினையை விரைவாக்குவதே அதன் பணி. யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் இதற்குச் சிறந்த சான்றாகும்.

நீரில் கரைந்த யூரியா நொதியின் துணையின்றிச் சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். வினை நிகழ மூலக்கூறுகள் தாண்டியாக வேண்டிய ஆற்றல் தடையைக் கிளர்வு ஆற்றல் என்பர். அத்தடை உயரமாக இருப்பதே இத்தாமதத்திற்குக் காரணம். யூரியேஸின் புரத மடிப்புகளுக்குள், வினை நடைபெறும் இடமான கிளர்வு மையத்தில் இரண்டு நிக்கல் அயனிகள் அருகருகே அமைந்துள்ளன. அவை யூரியாவைப் பற்றி நிறுத்துவதோடு, நீரிலிருந்து வந்த ஆக்சிஜனை யூரியாவின் கார்பனோடு இணையத் தகுந்த நிலையில் வைப்பதால், தடை தாழ்ந்து, வினை பல லட்சம் கோடி மடங்கு விரைவடைகிறது. இறுதியில் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. நொதியோ அடுத்த மூலக்கூறை ஏற்க ஆயத்தமாகிறது.

நொதி என்பது புரதமே என்பதற்கான முதல் வலுவான சான்றும் யூரியேஸிலிருந்தே கிடைத்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர், வாளவரைக்கு நெருங்கிய உறவான ஒரு பயற்றின் விதையிலிருந்து அதனைப் பிரித்து, 1926-இல் படிகமாக்கினார். முன்னணி வேதியியலாளர் பலர் முதலில் ஏற்க மறுத்த இம்முடிவு, ஜான் நார்த்ராப் பெப்சின் என்னும் செரிமான நொதியைப் படிகமாக்கிய பின்னர் நிலைபெற்றது. 1946-இல் வேதியியல் நோபல் பரிசில் இருவரும் பங்குபெற்றனர்.

இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியம், யூரியேஸ் உண்டாக்கும் அம்மோனியாவால் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை நடுநிலையாக்கியே இரைப்பையில் பிழைக்கிறது. அடையாளமிடப்பட்ட கார்பன் கொண்ட யூரியாவை நோயாளிக்குக் கொடுத்து, அக்கார்பன் மூச்சுக்காற்றில் வெளிவருகிறதா என்று பார்த்து அக்கிருமியை மருத்துவர்கள் கண்டறிகின்றனர். வயலிலோ, மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளின் யூரியேஸ், யூரியா உரத்தைப் பயிர் ஏற்கும் வடிவத்திற்கு மாற்ற உதவினாலும், மேற்பரப்பில் தூவப்பட்ட யூரியா மிக விரைவாகச் சிதைந்தால் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. இதனைக் குறைக்கவே யூரியேஸைத் தற்காலிகமாகத் தடுக்கும் சேர்மங்கள் உரத்தோடு சேர்க்கப்படுகின்றன. ஒரு நொதி செயல்படும் முறையைத் துல்லியமாக அறிவது, அதன் வேகத்தை எங்கே பயன்படுத்துவது, எங்கே கட்டுப்படுத்துவது என்று முடிவு செய்யும் ஆற்றலையும் மனிதருக்கு அளிக்கிறது.