மலடு என்று தள்ளுமுன் ஆண் பன்றியைக் காட்டுங்கள்

எட்டு மாதமாகியும் பருவத்துக்கு வராத இளம் வெண்பன்றியை மலடு என்று முடிவு கட்டி, வந்த விலைக்குக் கறிக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. தவிடும் பிண்ணாக்கும் குறைவின்றிப் போட்டும் இப்படியாகிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். பல சமயம் குறை பன்றியிடம் இல்லை. வயது வந்த ஆண் பன்றியின் வாடையே படாமல் அது வளர்ந்திருக்கும்.

ஆண் பன்றி அருகில் இருந்தால் இளம் பெண் பன்றிகள் முன்னதாகவே பருவமடைகின்றன என்பதை இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூக்ஸ், கோல் இருவரும் 1970-ல் ஆய்ந்து வெளியிட்டார்கள். பெண்ணைக் கண்ட ஆண் பன்றி வாயை மென்று நுரை தள்ளுமல்லவா? காரியம் அந்த நுரையில் இருக்கிறது. உமிழ்நீரோடு வரும் வாடைப் பொருள் பெண் பன்றியின் மூளையைத் தூண்டுகிறது. அங்கிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் சூல்பையில் முட்டைகளை முதிரச் செய்கின்றன. வாடையோடு உறுமலும், மூக்கால் முட்டுவதும் சேர்ந்தால்தான் முழுப் பலன். கம்பித் தடுப்புக்கு அப்பால் நிறுத்திக் காட்டுவது அரைகுறைப் பலனே தரும்.

சிறு பண்ணைகளில் தவறு நேருவது இங்கேதான். ஒரே ஈற்றில் பிறந்த ஆண் குட்டி ஒன்றைப் பொலிக்கென நிறுத்தி, பெண் குட்டிகளோடு சேர்த்தே வளர்ப்பார்கள். ஆறேழு மாத ஆணிடம் அந்த வாடை போதிய அளவு இராது. கூடவே வளர்ந்ததால் பெண் பன்றிகளுக்கும் அது பழகிப்போய்விடும். உடன்பிறந்ததோடு இணைந்தால் குட்டிகள் நலிவடையும் என்பது வேறு.

ஆண் பன்றிக்கு வயது 10 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உறவில்லாததாக இருத்தல் அவசியம். அதன் அறையைத் தள்ளி வைத்து, பெண் பன்றிகளுக்கு ஐந்தரை மாதம் ஆனதும் தினமும் 15 முதல் 20 நிமிடம் அவற்றோடு விட வேண்டும். ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாத வேளையில் இணை சேர்ந்துவிடும். மூன்று, நான்கு வாரங்களில் பல பன்றிகள் பருவத்துக்கு வந்துவிடும். பெண்குறி சிவந்து தடிக்கும். ஆண் எதிரில் இருக்கையில் முதுகைக் கையால் அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதற்குப் பிறகும் வராதவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம்.

இளம் பன்றி ஒன்று நாளைக்கு 2½ கிலோ தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், 21 நாள் பருவம் ஒன்று தள்ளிப்போவதால் 50 கிலோவுக்கு மேல் வீண்.

சொந்தமாக ஆண் பன்றி வைக்க வசதியில்லாதவர்கள் பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவல் வாங்குவது வழக்கம். 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்தபின் இது ஆபத்தான வேலை. நாலைந்து பேர் கூட்டாக ஒன்றை வாங்கினாலும், ஊர் சுற்ற விடாமல் ஒரே கொட்டிலில் வைத்துக்கொள்வதே மேல்.

முதல் பருவத்திலேயே இணை சேர்த்துவிடக் கூடாது. அப்போது முட்டைகள் குறைவு, குட்டிகளும் குறையும். அந்தத் தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்து, 18-ம் நாளிலிருந்து காலை, மாலை இரு வேளையும் கவனித்து வந்தால் அடுத்த பருவம் தவறாது.