மகரந்தம் போகும் வழிகள்

பூவின் மகரந்தப்பையில் உருவாகும் தூள், சூலகத்தின் நுனியான சூல்முடியைச் சென்றடைவதே மகரந்தச் சேர்க்கை. அங்கே ஒட்டிய தூள் முளைத்து, மெல்லிய குழாயாக உள்ளே இறங்கிச் சூலை எட்டினால்தான் விதை பிடிக்கும். இது நடக்கும் விதம் பயிருக்குப் பயிர் வேறுபடுகிறது. கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு வயல்களையும், வடக்கே பண்ருட்டி வரையுள்ள செம்மண் தோப்புகளையும் பார்த்தாலே முக்கியமான வகைகள் எல்லாம் தெரிந்துவிடும்.

வீராணம் ஏரிப் பாசனப் பகுதியின் நெல், தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப்பைகளும், இறகு போன்ற சூல்முடிகள் இரண்டும் உண்டு. வெயில் ஏறும் நேரத்தில் உமி திறக்கும். அப்போதே பைகள் வெடித்து அதே பூவின் சூல்முடியில் தூள் விழும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அந்த வேளையில் அடைமழை பிடித்தாலோ, வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினாலோ சூல் பிடிக்காமல் பதர் மிகும். சம்பா அறுவடையை ஒட்டி விதைக்கப்படும் உளுந்து இன்னும் பத்திரமானது. அதன் பூ விரியும் முன்பே, மொட்டுக்குள்ளேயே சேர்க்கை முடிந்துவிடுகிறது.

மக்காச்சோளம் காற்றை நம்பியது. உச்சியில் இருக்கும் ஆண் பூக்களின் தூள், கீழே கதிரிலிருந்து தொங்கும் பட்டுநூல் போன்ற இழைகளில் படிய வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. தூள் படாத இழைக்குரிய இடம் கதிரில் பொக்கையாக நிற்கும்.

கரும்பும் காற்றால் சேர்க்கை பெறுவதுதான். ஆனால் கரணை நட்டு வளர்ப்பதால், சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புக்குப் பூவே தேவையில்லை. புது ரகம் உருவாக்கத்தான் பூ வேண்டும். 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் ஆலைக்கரும்பைக் காட்டு நாணலுடன் சேர்த்தனர். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918இல் வெளியானது.

பலாவில் ஆண், பெண் பூங்கொத்துகள் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். பெண் கொத்து முழுவதுமே ஒரு பழமாகிறது. சூல் பிடித்த ஒவ்வொரு பூவும் கொட்டையுள்ள சுளையாகும். பிடிக்காதவை சுளைகளுக்கிடையே நாராகத் தங்கும். சேர்க்கை குறைந்த பழத்தில் சுளை குறைந்து நார் மிகுவதும், ஒரு பக்கம் சூம்பிப்போவதும் இதனால்தான்.

முந்திரிக்குப் பூச்சிகள் வேண்டும். ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். கொட்டை பிடிப்பது இருபால் பூவில் மட்டுமே. மகரந்தம் பிசுபிசுப்பானது என்பதால் காற்றில் எளிதில் பறக்காது. தேனீக்களும் பிற பூச்சிகளுமே அதைப் பூவுக்குப் பூ கொண்டுசேர்க்கின்றன. தளிரையும் பூங்கொத்தையும் கருக்கும் தேயிலைக் கொசுவுக்காகப் பூக்கும் பருவத்தில் மருந்து தெளிக்க நேர்ந்தால், தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் தெளிப்பதே காய்ப்பைக் காக்கும்.