மூலை எடைச் சீரமைப்பு

மூலை எடைச் சீரமைப்பு என்பது ஒரு தானுந்தின் நான்கு சக்கரங்களும் தாங்கும் சுமையை, சுருள்வில்களின் உயரத்தை மாற்றிச் சமன்படுத்தும் முறையாகும். பந்தயத் தடங்களில் ஓட்டப்படும் எடை குறைந்த தானுந்துகளுக்கு இது இன்றியமையாதது.

பின்னணி

கொலின் சாப்மன் 1957 இல் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன், வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் உதிரிப் பாகங்களாகவும் விற்கப்பட்டது. 1973 இல் இதன் தயாரிப்பு உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது. இவ்வகைத் தானுந்து ஏறத்தாழ 550 கிலோகிராம் எடையே உடையது. எனவே 80 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநர் ஒரு பக்கத்தில் அமர்ந்தாலே சுமைப் பகிர்வு மாறிவிடும்.

செய்முறை

முதலில் டயர்களின் காற்றழுத்தம் சரிசெய்யப்படும். பின்னர் சமதளத்தில் நான்கு சக்கரங்களின் கீழும் தராசுகள் வைக்கப்பட்டு, ஓட்டுநர் இருக்கையில் அவரது எடைக்கு ஈடான சுமை ஏற்றப்படும். ஒரு மூலையில் சுருள்வில்லின் தாங்கியை உயர்த்தினால், அச்சக்கரத்திலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரேயுள்ள சக்கரத்திலும் சுமை கூடும். மற்ற இரண்டிலும் குறையும். மொத்த எடையும் முன் பின் விகிதமும் நடைமுறையில் மாறா. ஒரு மூலைவிட்டத்திலுள்ள இரு சக்கரங்களின் கூட்டுச் சுமை, மொத்த எடையில் 50 விழுக்காடாக அமைவதே இலக்காகும்.

முக்கியத்துவம்

இச்சமன் தவறினால், இடப்புற வளைவிலும் வலப்புற வளைவிலும் தானுந்து வெவ்வேறு விதமாகத் திரும்பும். பிரேக்கை அழுத்தும்போது சுமை குறைந்த முன்சக்கரம் முதலில் சுழற்சி நின்று வழுக்கும். உயரம் மாறுவதால் சக்கரங்களின் கோணங்களும் மாறக்கூடும். ஆகவே அவற்றை மீண்டும் அளந்து சரிபார்த்த பின்னரே தடத்தில் ஓட்டுதல் வேண்டும்.