அடைக்கோழியை எழுப்பாதீர்கள்!

முட்டையிட்டுக் கொண்டிருந்த கோழி திடீரெனக் கூட்டை விட்டு எழ மறுக்கிறதா? கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறதா? பயப்பட வேண்டாம், அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

அடைகாக்கும் கோழி முட்டையிடாது. அதனால் பண்ணை முட்டைக்கோழிகளில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துவிட்டார்கள். கம்பத்துக் கோழியிடம் அது இன்னும் இருக்கிறது. 2022 ஜூன் 1-இல் தட்டுப்பாட்டால் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். கிள்ளானிலோ காப்பாரிலோ வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்ப்பவருக்கு அடைக்கோழி ஒரு சொத்து.

தோட்டத்து லயங்களில் பாட்டிமார் செய்ததுதான் வழி. கூடையில் வைக்கோல் பரப்பி, இருட்டான மூலையில் வையுங்கள். சேவலோடு திரியும் கோழியின் முட்டைகள் பத்து போதும். கடை முட்டை பொரிக்காது. இரவில் கோழியை அமர்த்துங்கள். அருகில் தீனியும் தண்ணீரும் இருக்கட்டும்.

ஏழாம் நாள் இரவு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்த நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். கடைசி மூன்று நாள் தொடவே கூடாது. 21-ஆம் நாள் குஞ்சுகள் ஓட்டை உடைக்கும்.

குஞ்சுத் தீவனத்தையே கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளுக்குக் கேடு. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். காகம், பூனை, உடும்பு நுழையாதபடி கம்பி வலை அவசியம். தாமான் வீடுகளில் இருப்போர் முதலில் ஊராட்சி மன்ற விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்க்கோழி சில வாரங்கள் முட்டையிடாது. பொறுத்துக்கொள்ளுங்கள். சூட்டு விளக்கு வேண்டாம். கிளறித் தின்னவும், பருந்தின் நிழலைக் கண்டு ஒளியவும் அதுவே குஞ்சுகளைப் பழக்கிவிடும்.