பழைய வீட்டைப் புதுப்பிப்பதா, வேறு வீடு தேடுவதா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதில் உள்ள சிரமத்தை அறிந்தே அவ்வாறு சொன்னார்கள். ஆனால் கட்டி முடித்த வீடும் ஒரு நாள் நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. சுவரில் விரிசல் காண்கிறது, கூரை ஒழுகுகிறது, பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமற் போகிறது. இருக்கும் வீட்டையே செப்பனிட்டுக் கொள்வதா, அன்றி வேறொரு வீட்டை வாங்கிக் குடிபெயர்வதா? சொந்த ஊரில் இருப்போர்க்கு யோசனை கூற உறவினர் உண்டு. நம்பிக்கையான கொத்தனார் உண்டு. பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்று வாழும் தமிழருக்கு அந்த வசதி குறைவு. ஆகவே இக்கேள்வியை ஒழுங்குபடுத்தி ஆராய்வது நலம்.

இதற்கு உரைகல்லாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அந்தமான் தீவுகளின் தென்கோடியில் சிறிய அந்தமான் என்னும் தீவு இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் அமைந்த துறைமுக ஊரே ஹட் பே. முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. ஓங்கே பழங்குடியினரின் தாயகமான அத்தீவில், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களும் நிக்கோபாரியரும் பின்னாளில் குடியமர்த்தப்பட்டனர். பிழைப்புத் தேடி வந்த தமிழரும் பிறரும் அங்கே வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஹட் பே கரையோரத்தை நொறுக்கிற்று. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரும் சிதைந்தது. வீடிழந்தோர் முதலில் தகரக் கொட்டகைகளில் தங்கினர். பின்னர் தீவுகள் முழுவதிலுமாக 9,000-க்கும் மேற்பட்ட நிலையான வீடுகளை அரசு கட்டிக்கொடுத்தது. பழைய மனையிலேயே மீண்டும் எழுப்புவதா, மேட்டுக்குப் போவதா என்ற கேள்வி அங்கே வசதி பற்றியது அன்று, உயிர் பற்றியது. அந்த ஊரின் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால், நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை எந்த வரிசையில் வரவேண்டும் என்பது தெளிவாகும்.

முதலாவது, நிலம். வீட்டின் குறைகள் இருவகைப்படும். செப்பனிட்டால் தீர்பவை ஒருவகை. எவ்வளவு செலவிட்டாலும் தீராதவை மற்றொரு வகை. ஒழுகும் கூரையை மாற்றலாம். தாழ்ந்த நிலத்தை மாற்ற இயலாது. 2004-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் தென் அந்தமானின் நிலப்பரப்பே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தலைநகருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. அங்கே ஒருவர் சுவருக்குப் புதுப்பூச்சுப் பூசினால் என்ன பயன்? ஓங்கே மக்களோ அன்று கடலின் போக்கைக் கண்டு, அலை வருமுன் மேட்டை நோக்கிச் சென்று உயிர் தப்பினர். மேட்டு நிலத்தின் அருமையை இதைவிடத் தெளிவாக எவர் கூற முடியும்? ஆகவே உங்கள் மனையில் மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை நாள் தேங்குகிறது, ஆபத்துக் காலத்தில் மேட்டுக்குச் செல்ல வழி உண்டா என்று முதலில் காணுங்கள். நிலம் ஆகாது என்று கண்டால், அவ்வீட்டில் அத்தியாவசியமான பழுதுக்கு மேல் ஒரு காசும் போடாதீர்கள். வேறிடம் தேடத் தொடங்குங்கள்.

இரண்டாவது, உரிமை. அந்தமானில் நிலம் பொதுவாக அரசுக்கு உரியது. 1966-ஆம் ஆண்டின் நிலவருவாய், நிலச்சீர்திருத்த ஒழுங்குமுறையின்கீழ் குடிகள் அதனை அனுபவிக்கும் உரிமை பெறுகின்றனர். பழங்குடியினர்க்கென 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பிறர் வாங்கவோ அனுபவிக்கவோ இயலாது. கடலோரத்தில் கட்டுவதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. எனவே ஒருவர் "இந்த வீடு விற்பனைக்கு" என்று சொன்னவுடன் முன்பணம் கொடுத்துவிடலாகாது. அந்த நிலம் யார் பெயரில் பதிவாகியுள்ளது, அதை மாற்றிக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டா, அனுமதி பெற வேண்டுமா என்று தாசில்தார் அலுவலகத்தில் நேரே கேட்டறிய வேண்டும். இருக்கும் வீட்டுக்கும் இதுவே சோதனை. ஆவணமில்லாத நிலத்தில் நிற்கும் வீட்டைப் பெருஞ்செலவில் புதுப்பிப்பது, பிறர் பெட்டியில் நம் நகையை வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, வீட்டின் எலும்பு. அந்தமான் நிக்கோபார் தீவுகள் நாட்டிலேயே மிகக் கடுமையான நில அதிர்வு வட்டாரத்தில் அமைந்தவை. பூச்சின் மேலோடிய மெல்லிய கீறலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், தூணில் துருக்கறையோடு காணும் பிளவும் வேறு. கடல்மணலைச் சேர்த்துக் கட்டியிருந்தால் அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துச் சுற்றிலுமுள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். மேலே சிமெண்டு பூசி மறைத்தாலும் உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். மரவீடாயின் தூணின் அடிப்பகுதியைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் கரையானோ ஈரமோ அதைத் தின்றுவிட்டது என்று கொள்ளலாம். ஆயினும் ஒன்றிரண்டு மரத்தூண்களை மாற்றுவது எளிது. தகரக் கூரை வேய்ந்த மரவீடு எடை குறைந்தது. ஆதலால் அதிர்வின்போது அதன்மேல் விழும் விசையும் குறைவு. "பழைய மரவீடுதானே" என்று இகழ்ந்து அதை இடிக்க முற்படுவது எப்போதும் அறிவுடைமை ஆகாது. அதற்கு மாறாக, பலமற்ற பழைய சுவர்மேல் கான்கிரீட் மாடி ஏற்றுவது பேராபத்து.

நான்காவது, கணக்கு. ஹட் பேயில் சிமெண்டும் கம்பியும் கப்பலேறி வரவேண்டும். உச்சநீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் மரம் வெட்டுவதற்கும் மணல் எடுப்பதற்கும் கட்டுப்பாடு மிகுந்துள்ளது. ஆகவே பழைய மரத்தையும் தகரத்தையும் மறுபடி பயன்படுத்த முடிந்தால் அதுவே பெரிய சேமிப்பு. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். சான்றாக, 6 லட்சம் ரூபாய் செலவில் செப்பனிட்ட வீடு மேலும் 8 ஆண்டுகள் உழைக்குமானால் ஆண்டுக்கு 75,000 ரூபாய் ஆகிறது. 24 லட்சத்தில் வாங்கும் வீடு 40 ஆண்டுகள் நிற்குமானால் ஆண்டுக்கு 60,000 ரூபாய்தான். ஆனால் 24 லட்சத்தையும் வட்டிக்கு வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். பதிவுச் செலவு, குடிபெயரும் செலவு, வேலை நடக்கும் மாதங்களில் கொடுக்கும் வாடகை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செப்பனிடும் வேலையில் சுவரைத் திறந்தபின் எதிர்பாராத குறை வெளிப்படுவது வழக்கம். அதற்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். தீவில் இவ்வேலையை மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வைத்துக்கொள்வது பொருத்தம்.

ஐந்தாவது, மனிதர். மீன் பிடிப்பவருக்குக் கரையை விட்டு வெகுதூரம் போனால் தொழில் கெடும். கடைக்காரருக்குக் கடைவீதி வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி, முதியோர்க்கு மருத்துவமனை, அவசரத்துக்கு உதவும் அண்டை வீட்டார் ஆகியவற்றை விலை கொடுத்து வாங்க இயலாது. நிலமும் உரிமையும் வீட்டின் எலும்பும் நன்றாயிருந்து, இடம் மட்டும் போதவில்லையென்றால், பழகிய தெருவிலேயே ஓர் அறை கூட்டிக்கொண்டு வாழ்வது சிறந்தது. நிலமே ஆபத்தானதாயின், தொழிலுக்குரிய வலையையும் கருவியையும் கரையருகே ஒரு கொட்டகையில் வைத்துவிட்டு, உறங்கும் வீட்டை மேட்டில் அமைத்துக்கொள்ளலாம்.

பம்பாயிலோ பெங்களூரிலோ வாழும் தமிழருக்கும் இவ்வரிசை பொருந்தும். ஆழிப்பேரலைக்குப் பதில் அங்கே மழைவெள்ளம் வரலாம். தாசில்தாருக்குப் பதில் வீட்டுச் சங்கத்தின் ஏடுகளைப் பார்க்க நேரலாம். நம்மிற் பலர் ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறோம். பழகிய இடத்தின் மேல் கொண்ட பாசமே முடிவு செய்துவிடுகிறது. வேறு சிலர் புதுமையில் மயங்கி நல்ல வீட்டைக் கைவிடுகின்றனர். நிலமும் உரிமையும் தேறினால் எலும்பைப் பாருங்கள். எலும்பும் தேறினால் கணக்கைப் பாருங்கள். அதன் பிறகு வீட்டிலுள்ள அனைவரையும், சிறப்பாக நாள் முழுதும் அவ்வீட்டிலேயே உழைக்கும் பெண்களையும், கூட்டி உட்கார வைத்து முடிவு செய்யுங்கள். அவ்வாறு எடுத்த முடிவு புதுப்பிப்பதாயினும் பெயர்வதாயினும், அதைப் பற்றிப் பின்னர் வருந்த நேராது.